அறுபத்தொரு படி

சமையலறையிலிருந்து நிலவறைக்கு
அறுபத்தொரு படி.
லோயர் பிறிங்மானுக்காக மூன்று தரம் எண்ணினேன்.
இரண்டாம் தரம் அறுபத்திரண்டு வந்தது;
அடியில் உடைந்து கிடப்பதைப்
படியென்பதா தரையென்பதா என்று குழப்பம்.
அறுபத்திரண்டு என்றே எழுதுவோம் என்றார் அவர்.
கூடின ஒரு படிக்கு ஒரு மாதமாவது குறையாதா என்று
நானும் பேசாமலிருந்தேன்.

இந்த நாட்டில்
தூள் விற்றால் ஒரு கணக்கு.
விற்கிற கைக்கு எட்டுமிடத்தில் துவக்கும் இருந்தால்
வேறு கணக்கு.
எட்டும் என்றது டோர்ட்முண்ட் நீதிமன்றம்.
ஏழு வருடம் மூன்று மாதம்.
எட்டாது என்று சொல்லத்தான்
கார்ல்ஸ்ரூவுக்கு இந்த மனு.

தூள் நிமலரூபனுடையதுதான்.
இடியப்ப மா இருந்த டப்பாவில்
நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
கேக்குக்கு மா நிறுக்க நான் வாங்கின தராசு
இப்போது சான்றுப்பொருள் பதினான்கு.
அதைப்பற்றி மனுவில் ஒன்றுமில்லை,
என்னிடமும் ஒன்றுமில்லை.

துவக்கு வேறொருவனுடையது.
ஒரு கிழமைக்கு வைத்திரு என்றானாம்.
பங்குனியில் தொடங்கின அந்தக் கிழமை
ஆவணி மட்டும் முடியவில்லை.

என்னையும் கூப்பிட்டார்கள்.
மனைவி சாட்சி சொல்லத் தேவையில்லை,
அது உங்கள் உரிமை என்று நீதிபதியே விளக்கினார்.
பேசமாட்டேன் என்பதை மட்டும்
வாய் திறந்து பேசிவிட்டு வந்தேன்.
வெளியே ஆட்கள் சொன்னார்கள்:
புருசனைக் காட்டிக்கொடுக்காத பெண்.

பேசியிருந்தால் இதுதான்:
அது சமையலறையில்தான் இருந்தது,
அடுப்புக்கு மேல்தட்டில், பெருங்காயத்துக்குப் பின்னால்.
ஆரணி கதிரையை இழுத்துப்போட்டு ஏறப் பழகின கிழமை
நீலக் கூடையில் அதைப் போட்டு
மேலே அவளுடைய சின்னச் சட்டைகளைப் பரப்பி
நான்தான் இறக்கினேன்.
நிலவறையில்
அவருடைய பனிச் சப்பாத்துக்குள் தள்ளினேன்.
வேறு சப்பாத்து இருக்கவில்லையா என்றால்
இருந்தது.
என்னுடையது, பக்கத்திலேயே.

அவரிடம் சொல்லவில்லை.
அவர் கேட்கவுமில்லை.

இதில் முதல் பாதியைச் சொன்னால் அவர் கெட்டார்.
மற்றப் பாதியைச் சொன்னால் நான் கெட்டேன்.
ஆரணிக்கு அப்போது மூன்று வயது.

ஒருநாள் லோயரிடம் கேட்டேன்,
புதிதாய் ஒருவர் ஏதாவது சொன்னால், என்று.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
அங்கே நடந்ததைக் கேட்கமாட்டார்கள் அம்மா,
எழுதினது சரியா என்றுதான் பார்ப்பார்கள்.
எனக்கு வந்தது ஆறுதல்தான்.
வெட்கம் வர
போர்சிக்பிளாட்ஸ் தரிப்பில் இரண்டு ட்ராம் போகவேண்டியிருந்தது.

ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு கடிதம்.
விசாரணையில்லை, ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.
எங்கோ ஐந்து பேர் வாசித்து முடித்திருந்தார்கள்.
பறிமுதல் தொகை மூவாயிரத்து அறுநூற்று எண்பதல்ல,
மூவாயிரத்து முந்நூற்று நாற்பது;
கூட்டலில் பிழை.
மற்றபடி மனு வெளிப்படையாகவே ஆதாரமற்றது.
செலவு மனுதாரருடையது.

அறுபத்தொன்றும் இல்லை, அறுபத்திரண்டும் இல்லை.
படிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
முந்நூற்று நாற்பது யூரோ வென்றிருக்கிறோம்.

வேர்ல் மறியலில் மேசைக்கு அந்தப் பக்கம்
அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.
மெலிந்திருந்தார், ஆனால் நன்றாகச் சவரம் செய்திருந்தார்.
ஆரணி எப்படி என்றார்.
பள்ளிக்கூடம், பல் விழுந்தது, சொன்னேன்.
காவலர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அந்த நீலக் கூடை இன்னும் இருக்கா?

கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை,
கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

இருக்கு என்றேன்.
ஒரு பக்கக் கைபிடிதான் போயிட்டுது.